கொஹிமா மலைச்சரிவில் பெயர்களைத் தேடி

கொஹிமா நகரின் நடுவில், டி.சி.பி. கேட் என்று எல்லாரும் சொல்லும் சந்திப்பில், காலை ஏழு மணிக்கே வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. திமாப்பூரிலிருந்து ஏறிவரும் லாரிகளும் இம்பால் போகும் சுமோக்களும் அங்கேதான் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். அந்த இரைச்சலுக்கு நேர் மேலே மலைச்சரிவு முழுக்கப் பச்சைப் புல். புல்லுக்குள் வரிசை வரிசையாகத் தாழ்ந்த கல்மேடைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெண்கலத் தகடு. ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக இடம் பார்த்து அமைத்த கல்லறைத் தோட்டமாக இது இல்லை. இங்கே படுத்திருப்பவர்கள் 1944ஆம் ஆண்டு இதே சரிவில், கீழே லாரிகள் நிற்கும் இதே சாலைக்காகத்தான் உயிரை விட்டார்கள்.

என்னை அழைத்துப் போனவன் தம்பி. சித்தப்பா மகன். ராணுவத்தில் ஹவில்தார், இப்போது நாகாலாந்தில் வேலை. விடுப்பு நாள் என்பதால் சாதாரண உடுப்பில்தான் வந்தான். ஆனாலும் வாசலில் கால் வைத்ததும் நின்றான், குதிகாலைச் சேர்த்தான், ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தான். பிறகு, "வாண்ணா, வெயில் ஏர்றதுக்குள்ள உச்சிக்குப் போயிடலாம்" என்றான். நவம்பர் மாதம்; வடகிழக்கில் சூரியன் நமக்கு முன்னால் எழுந்து நமக்கு முன்னால் படுத்துவிடுகிறது. மாலை நாலரைக்கே இருட்டிவிடும்.

கீழ்த்தட்டில் முதலில் கண்ணில் படுவது ஓர் ஒற்றைக்கல். பதினைந்தடி உயரம். பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷன் தன் வீரர்களுக்காக நிறுத்தியது. பளபளப்பாக இழைத்த பளிங்கு கிடையாது. மலையிலிருந்து பெயர்த்த கல், அதன் முகத்தில் ஒரு வெண்கலப் பலகை, அவ்வளவுதான். நாகர்கள் தங்கள் முன்னோர் நினைவாக நடும் கற்களின் வகை அது. அவர்களே மரச்சறுக்கில் ஏற்றி, ஊர் கூடி வடம் பிடித்து இழுத்து வந்து இங்கே நிறுத்திக் கொடுத்தார்கள். பலகையில் இரண்டு வரி வாசகம். வீடு திரும்பும் தோழர்களிடம் செத்துப்போனவர்கள் பேசுவது போல எழுதியது. உலகம் முழுக்கப் பேர்பெற்ற வரிகள் என்பதால் வருகிற எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வாசகத்தைவிட அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் செங்கத்தைச் சுற்றி வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் அப்படி நட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனின் பெயரும், அவன் யாருடைய சேவகன் என்பதும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் அவற்றில் வெட்டியிருக்கும். பெயர், ஊர், காலம். செத்தவனைப் பற்றி உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டிய மூன்றும் அந்தக் கற்களில் உண்டு. கொஹிமாவின் தட்டுகளில் ஏறும்போது நான் தேடிக்கொண்டே போனது அந்த மூன்றையும்தான்.

இந்தச் சரிவில் 1,420 கல்லறைகள். பிரிட்டிஷ்காரர்கள்தான் மிகுதி, இந்தியப் படையின் முஸ்லிம், கிறிஸ்தவ வீரர்களும் இருக்கிறார்கள். தகடு ஒவ்வொன்றிலும் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட், இறந்த நாள், வயது. 19. 20. 22. வயதை மட்டும் படித்துக்கொண்டு போனால் ஒரு கல்லூரி விடுதியின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது. தகட்டின் அடியில் குடும்பத்தார் விரும்பினால் தங்கள் சொல்லாக ஒரு வரி பொறித்துக்கொள்ளலாம். இத்தனை எழுத்துக்குள் என்று கணக்கு உண்டு. சிலர் பைபிளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சிலர் அம்மா மகனிடம் பேசுவது போலவே எழுதியிருக்கிறார்கள். சில தகடுகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையின் முன்னால்தான் என் கால்கள் கூடுதல் நேரம் நின்றன.

இதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917இல், வேறொரு பெயரில் தொடங்கியது. இரண்டு முடிவுகளில் அது அசையவில்லை. ஒன்று, தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல். இரண்டாவது, யாருடைய உடலையும் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. விழுந்த மண்ணுக்கு அருகிலேயே அடக்கம். வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளையைக் கப்பலில் எடுத்துப் போவார்கள், இல்லாதவர்களின் பிள்ளை மட்டும் அந்நிய மண்ணில் கிடப்பான் என்ற நிலை வரக்கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது. அன்றைக்குப் பல தாய்மார்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

கேப்டன் ஜான் நீல் ராண்டிலின் கல்லறையைத் தம்பி காட்டினான். நார்ஃபோக் ரெஜிமெண்ட். 1944 மே 6 அன்று, தன் ஆட்களைச் சுட்டுச் சாய்த்துக்கொண்டிருந்த ஜப்பானியப் பதுங்குகுழி ஒன்றை நோக்கித் தனியே ஓடினார். உடம்பில் அதற்குள் பல காயங்கள். குழியின் துளைக்குள் கையெறி குண்டைப் போட்டுவிட்டு, அந்தத் துளையைத் தன் உடலாலேயே அடைத்துக்கொண்டு விழுந்தார். வயது 26. இறந்தபின் விக்டோரியா கிராஸ் வழங்கினார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1942 மே கடைசியில், ஜெர்மனியின் கொலோன் நகர்மீது குண்டு வீசப் போன விமானி லெஸ்லி மான்ஸர், தீப்பற்றிய விமானத்தைத் தன் கூட்டாளிகள் குதித்துத் தப்பும்வரை நிலையாகப் பிடித்திருந்து, தான் குதிக்க நேரமின்றி அதோடு விழுந்தார். வயது 20. அவருக்கும் அதே விருது. அந்த மான்ஸரின் உடன்பிறந்தவர்தான் ராண்டிலின் மனைவி. சகோதரனின் கல்லறை பெல்ஜியத்தில், கணவனின் கல்லறை இந்த நாகா மலையில். இரண்டு பதக்கங்களும் ஒரே வீட்டுக்குள் வந்த கதையைப் போர் வரலாறு பெருமையாகச் சொல்லும். நான் அந்தப் பெண்ணை நினைத்தேன். இரண்டு ஆண்டுக்குள் இரண்டு தந்தி.

இன்னும் சில படிகள் ஏறினால் லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன். இங்கிலாந்துக் கடலோரத்தில் லண்டி என்ற சிறு தீவே சொந்தமாக இருந்த ஒருவரின் மகன். இயந்திரத் துப்பாக்கி நிலை ஒன்றைத் தனியாளாகப் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, பின்னால் இருந்தவர்கள் "ஓடு, ஓடு" என்று கத்தியும் ஓடாமல் நடந்தே வந்தார் என்பது அவரைப் பற்றிய பேச்சு. வழியில் குண்டு பட்டது. அவருக்கும் மற்ற எல்லாருக்கும் உள்ள அதே சிறிய மேடைதான். தீவு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நடுத்தட்டில் அந்த டென்னிஸ் மைதானம். மாவட்ட ஆட்சியர் சார்ல்ஸ் பாவ்ஸியின் பங்களா முற்றத்தில் இருந்தது. பங்களா இப்போது இல்லை. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் புல்லுக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தேன். மொத்த நீளம் 24 மீட்டருக்குள். இந்தப் பக்கம் பிரிட்டிஷ், இந்தியப் படை. அந்தப் பக்கம் ஜப்பானியர். நடுவில் ஆடுகளம். பந்து போன வழியில் கையெறி குண்டுகள் போய்வந்தன, வாரக்கணக்கில்.

ஏன் இந்த முற்றத்துக்காக? திமாப்பூரில் ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா முனைக்கான பெரும் கிடங்கு. அங்கிருந்து இம்பாலுக்கு ஒரே சாலை. அந்தச் சாலை கொஹிமா மலைமுகட்டை வளைத்துக்கொண்டு போகிறது. முகட்டைப் பிடித்தவன் கையில் சாலை. ஜப்பானின் 31ஆம் டிவிஷன் தளபதி சாட்டோ, சிந்த்வின் ஆற்றைக் கடந்து, மூன்று வாரத்துக்கான சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மலைகளைத் தாண்டி வந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் முற்றுகை. உள்ளே இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அதில் ஏறத்தாழ ஆயிரம் பேர் போரிடும் ஆட்களே இல்லை, கிடங்குப் பணியாளர்களும் குணமாகிக்கொண்டிருந்த நோயாளிகளும். வெளியே 12,000-க்கும் மேல். ராயல் வெஸ்ட் கெண்ட் ரெஜிமெண்ட், அசாம் ரெஜிமெண்ட், அசாம் ரைஃபிள்ஸ் ஆகியவை உள்ளே தாக்குப்பிடித்தன. குடிநீர் வழி ஜப்பானியர் கைக்குப் போனது. விமானத்திலிருந்து பாராசூட்டில் தண்ணீரும் தோட்டாவும் போட்டார்கள். அதிலும் ஒரு பகுதி எதிரி பக்கம் விழுந்தது. ஏப்ரல் 18 அன்று பஞ்சாப் ரெஜிமெண்ட் வந்து முற்றுகையைத் திறந்தது. அதற்குப் பின்னும் இந்த மைதானம் விழவில்லை. மே நடுவில் ஒரு டாங்கியைச் சரிவில் இறக்கி ஆடுகளத்துக்குள்ளேயே கொண்டுவந்து சுட்ட பிறகுதான் முடிந்தது. ஜூன் 22 அன்று இம்பால் சாலையின் 109ஆம் மைல்கல்லில், கொஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த பிரிட்டிஷ், இந்தியப் படைகள் சந்தித்தன.

பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் 4,000-க்கும் மேற்பட்டோர் இந்த மலையில் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். ஜப்பானியர் தரப்பில் அதைவிட அதிகம். திரும்பும் வழியில் பசியாலும் நோயாலும் காட்டுப்பாதையில் விழுந்தவர்கள் தனி. மேலிடத்து உத்தரவை மீறித்தான் சாட்டோ தன் ஆட்களைப் பின்வாங்க வைத்தார். பதவியிலிருந்து அவரை நீக்கினார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு செர்ரி மரம். ஜப்பானியக் குறிபார்ப்பவன் ஒருவன் மறைந்திருந்த பழைய மரம் போரில் அழிந்தது. அதன் அடிக்கட்டையில் துளிர்த்து எழுந்தது இது என்று பலகை சொல்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் கோட்டுக்குள் கால் வைக்காமல் சுற்றிப் போனார்கள். யாரும் அவர்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

"இங்கயே நின்னுட்டா எப்படி? நம்ம ஆளுங்க மேல இருக்காங்க" என்றான் தம்பி.

சரிவின் உச்சியில், எல்லாக் கல்லறைகளுக்கும் மேலே, தகன நினைவுச்சின்னம். தங்கள் சமயப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கே. ரெஜிமெண்ட் வாரியாக, பதவி வாரியாக, பெயர்கள் மட்டும். கீழே ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே மண், மேடை, ரோஜாச் செடி, வயது, குடும்பத்தார் சொன்ன ஒரு வரி. மேலே 917 பேருக்கும் சேர்த்துச் சுவர். எரித்தவனுக்குக் கல்லறை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். எரியூட்டியது அவர்கள் சமயத்துக்குக் கொடுத்த மரியாதை என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எரித்தவனுக்கும் பிறந்த வருஷம் உண்டு, பெற்றவர்கள் உண்டு, அவர்களிடம் சொல்ல ஒரு வரி உண்டு. அதைச் சுவரில் கேட்டு எழுத முடியாதா என்ன? சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு மனம் ஆறவில்லை.

ஆணையமே இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் அது வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் பேரரசுக்காகச் செத்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. பெயரே எழுதப்படாமல் போனவர்கள் குறைந்தது 1,16,000 பேர். மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாம் என்றது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. இரண்டாம் போரில் நிலைமை மேலானது. பெயர்கள் சேகரிக்கப்பட்டன, சுவரில் ஏறின. கொஹிமாவின் 917 பேர் அப்படிப் பெயர் கிடைத்தவர்கள். அதையும் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. நினைக்க முடியாத காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் தாத்தாவின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பர்மா முனைக்குப் போனவர். ஆறு குறுக்கிட்டால் பாலம் போடுவது, தெப்பம் விடுவது, கண்ணிவெடி எடுப்பதெல்லாம் சாப்பர்ஸின் வேலை. தந்தி வந்தபோது வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். காணவில்லை, இறந்திருக்கலாம் என்று. இறந்தார் என்றால் அழலாம். காணவில்லை என்றால் என்ன செய்வது? பெரிய பாட்டி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று வெகுநாள் பிடிவாதமாக இருந்தார். அப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசி, நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும் புது வேட்டி துண்டு வைத்து, வடை பாயசத்தோடு படையல். பாட்டி இருந்தவரை கடைசி இலையை அவரே போடுவார்.

தம்பி ராணுவத்தில் சேர்ந்தபிறகு, ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒருநாள் தேடியிருக்கிறான். ஒரே பெயரில் பலர். ஆனால் அந்தப் பதிவேட்டில் இந்திய வீரர்களுக்கு அப்பா பெயர், ஊர், ஜில்லா வரை குறித்திருக்கிறார்கள். சிலருக்கு மனைவி பெயரும் உண்டு. அப்படித்தான் கிடைத்தார். அப்பா பெயர் சரி, ஊர் பெயர் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி கொஞ்சம் திரிந்திருந்தது, வட ஆற்காடு சரி, பெரிய பாட்டி பெயர் சரி. 1945 பிப்ரவரி, நம் படைகள் ஐராவதி ஆற்றைக் கடந்த நாட்கள். யாங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில், உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேருக்கு எழுப்பிய ரங்கூன் நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது. பர்மாவுக்கு இப்போது போகும் நிலைமை இல்லை. அதே போர்முனையில், நம் கால் எட்டும் இடம் கொஹிமா. அதனால்தான் வந்தோம்.

அவன் அன்றைக்கு இரவே அத்தைக்குப் போன் போட்டானாம். அத்தை முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தேதி சொல்லு" என்றார். பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஐயரிடம் கொடுத்துப் பார்த்ததில், மாசி மாதம், வளர்பிறை. எழுபது வருஷத்துக்கும் மேல் நாள் இல்லாமல் இருந்த மனிதருக்கு ஒரு திதி கிடைத்தது. ஒரு குடும்பத்துக்கு அது என்னவென்று ராணுவ அணிவகுப்பு நடத்துகிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பீரங்கி முழங்கும் மரியாதை பெரிதுதான். நாள் தெரிவது அதற்கு முன்னால் வர வேண்டியது.

தகனச் சின்னத்தின் படியில் உட்கார்ந்து தம்பி தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். வழக்கமாகப் பேசமாட்டான். முன்பெல்லாம், 1962, 1965, 1971 போர்களில் இந்திய ராணுவமும் தன் வீரர்களைப் பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே எரித்தது. கார்கில் போரில்தான், 1999இல், மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வரத் தொடங்கின. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே மாதக் கடைசியில் படாலிக் முனையில் விழுந்தார். உடல் எதிரி பிடித்திருந்த உயரத்தில் பனியில் கிடந்தது. மீட்டெடுக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அதை மீட்கப் போனவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார்கள். விழுந்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது யாராவது இறந்தால் யூனிட்டிலிருந்து ஒரு சிறு குழு உடலோடு வீடுவரை போகும். கொடியை மடித்துக் குடும்பத்தார் கையில் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. "நானும் போயிருக்கேண்ணா" என்றான். "ஒடிசாப் பையன். ரோட்டு வேலைக்குப் பாதுகாப்புக்கு நிக்கறப்ப மண்ணு சரிஞ்சிடுச்சு. பேசறதுக்கு என்னென்னமோ மனசுல தயார் பண்ணிட்டுப் போனேன். அந்தம்மா கேட்டது ஒண்ணுதான். அவங்க அண்ணன் இந்தியில மாத்திச் சொன்னாரு. முந்தின நாள் ராத்திரி சாப்ட்டானான்னு."

"என்ன சொன்ன?"

"சாப்ட்டாம்மா, ரொட்டியும் பருப்பும், எங்கூடத்தான் உக்காந்து சாப்ட்டான்னேன். நெஜமாவே சாப்ட்டாண்ணா."

அந்தச் சுவரில் உள்ள 917 வீடுகளுக்கும் அப்படிப் போய்ச் சொல்ல ஒருவன் இருந்திருப்பானா? தபால்காரர்தான் போயிருப்பார்.

உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. வடக்கே பழைய கொஹிமா கிராமம், பாராபஸ்தி என்கிறார்கள். போரில் அதுவும் எரிந்தது. நாகர்கள் குண்டு மழைக்குள் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள், வழி காட்டினார்கள், ஜப்பானியர் எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். பிரிட்டிஷ், இந்தியப் படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம் பிறகு எழுதிய நூலில் அவர்களை மனம்திறந்து பாராட்டினார். அசாம் ரெஜிமெண்டில் இருந்தவர்களுக்குப் பதிவேட்டில் இடம் உண்டு. சுமை தூக்கி, எந்தப் படைப்பட்டியலிலும் சேராமல் செத்தவர்களுக்கு? அவர்கள் இழுத்து வந்த கல் கீழே நிற்கிறது. அதில் அவர்கள் பெயர் இல்லை.

எதிர்த்தரப்பில் வந்த இந்தியர்களையும் மறக்க முடியாது. இம்பால் முனையில் ஜப்பானியரோடு சேர்ந்து நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள், தோட்டத்து ரப்பர் பால் எடுத்தவர்கள் உட்பட, அதில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். அந்த ராணுவத்தில் இறந்தவர்களுக்காகச் சிங்கப்பூரில் 1945 ஜூலை 8 அன்று நேதாஜி ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1995இல், அந்த இடத்தில் ஒரு குறிப்புக் கல்லைச் சிங்கப்பூர் அரசு வைத்தது. கொஹிமாவில் இறந்தவனையும் நேதாஜியின் ராணுவத்தில் சேர்ந்தவனையும் ஒரே மூச்சில் வணங்குவது எனக்குச் சிரமமாக இல்லை. இரண்டு பேர் வீட்டிலும் தேதி தெரியாமல் காத்திருந்தது ஒருத்திதான்.

ஜப்பானியருக்கு இந்தச் சரிவில் ஒன்றும் இல்லை. ஆனால் அரதுரா குன்றில் உள்ள கத்தோலிக்கப் பேராலயத்தைக் கட்டியபோது, இங்கே செத்த ஜப்பானிய வீரர்களின் உறவினர்களும் பணம் அனுப்பினார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக யாராவது, எந்த முறையிலாவது வேண்டிக்கொள்ளட்டும் என்று.

இறங்கும்போது பதிவேட்டையும் பார்த்தோம். சுவரில் பெயரும் ரெஜிமெண்டும் மட்டும் உள்ளவர்களுக்கு ஏட்டில் தேதி இருக்கிறது. பலருக்கு அப்பா பெயர், ஊர், ஜில்லா. சுவரில் நான் காணாமல் தேடியது இந்த ஏட்டில் இருந்தது. இத்தனை தகவலையும் சேர்த்தவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சேர்க்கவில்லை. இரண்டாம் போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். 87,000-க்கும் மேல் இறந்தார்கள். தில்லியில் இந்தியா கேட் அதற்கு முந்தைய போர்களில் விழுந்தவர்களின் பெயர்களைச் சுமக்கிறது. பக்கத்தில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னம், சுதந்திரத்துக்குப் பிறகு விழுந்த வீரர்களுக்கானது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் கிரானைட் பலகை. சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனின் வடிவமைப்பு அது. நடுவில் விழுந்தவர்கள் இந்த இரண்டிலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் முதல் போர்க்காலத்துப் பளிங்குப் பலகைகள் உண்டு. வேலூர் மணிக்கூண்டிலும் ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும். யார் என்று இல்லை. அந்தப் பலகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக் கடந்து போனவர்களில் எத்தனை பேர் அது தங்கள் வீட்டுக் கணக்கு என்று தெரியாமல் போனார்களோ.

தம்பி செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். ஆணையத்தின் பதிவேட்டிலிருந்து எங்கள் தாலுகாவின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடி எடுத்தது. ஆங்கில எழுத்தில் திரிந்துபோன ஊர்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவன் அந்த ஊர்க்காரன்தான் என்பதால் வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது. "பேரு, அப்பா பேரு, செத்த நாள். கல்லுல இந்த மூணு போதும்ணா. பஞ்சாயத்துல பேசிப் பாரு" என்று எனக்கு அனுப்பினான். அன்று மாலை திமாப்பூர் இறங்கும் வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குப் பேசினேன். தலைவர் ஒத்துக்கொண்டார். கல்லுக்குப் பணமும் இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். இருவரும் பட்டியலில் உள்ளவர்களின் பேரன்மார்கள். பள்ளிக்கூட வாசலில் நடுவதா, மாரியம்மன் கோயில் திடலில் நடுவதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அத்தை கோயில் திடல்தான் என்கிறார். படையல் போட இடம் வேண்டுமாம்.